டிசம்பர் 18க்குப் பிறகு பிறந்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். அலாஸ்காவின் வடகோடியில், புருடோ விரிகுடாப் பகுதியில், 1968இல் பெருமளவு எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. அதைத் தெற்கே கொண்டுவரக் குழாய் பதிக்க வேண்டும். ஆனால் அந்த நிலம் யாருடையது என்ற கேள்விக்கு, 1867இல் ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை அமெரிக்கா விலைக்கு வாங்கிய நாள் முதல் யாரும் நேராகப் பதில் சொன்னதில்லை. அந்த அவசரத்தில் வந்ததுதான் 1971 டிசம்பர் 18 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட பூர்வகுடி நிலக் கோரிக்கைத் தீர்வுச் சட்டம். சுமார் 4 கோடியே 40 லட்சம் ஏக்கரும் 96 கோடியே 25 லட்சம் டாலரும் பூர்வகுடிகளுக்கு ஒதுக்கப்பட்டன. அதற்கு ஈடாக, எஞ்சிய நிலத்தின் மீதிருந்த பூர்வீகப் பாத்தியதையும், வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் இருந்த பாரம்பரிய உரிமையும் ரத்தாயின.

தொகையைக் கேட்டால் தாராளமாகத்தான் தெரியும். ஆனால் நிலம் பழங்குடிச் சபைகளின் பெயருக்கு வரவில்லை. 12 வட்டார நிறுவனங்களும் இருநூறுக்கு மேற்பட்ட கிராம நிறுவனங்களும் புதிதாகப் பதிவு செய்யப்பட்டு, உரிமைப் பத்திரம் அவற்றின் பெயரில் எழுதப்பட்டது. கிராமத்தைச் சுற்றியுள்ள மேல்தரை கிராம நிறுவனத்துக்கும், அதன் அடியில் கிடக்கும் கனிமம் வட்டார நிறுவனத்துக்கும் என்று ஒரே நிலம் இரண்டு சொத்தாயிற்று. மக்களோ ஆளுக்கு 100 பங்கு வைத்திருக்கும் பங்குதாரர்கள் ஆனார்கள்.

இந்தச் சட்டத்தைப் பற்றி எங்கே பேசினாலும் நான் நின்றுவிடும் இடம் ஒன்று உண்டு. நண்பர்கள் இதற்காக என்னைக் கேலி செய்வதும் வழக்கம். சட்டம் கையெழுத்தான நாளில் உயிரோடு இருந்தவர்களுக்கு மட்டுமே பங்கு. டிசம்பர் 17 அன்று பிறந்த குழந்தைக்கு 100 பங்கு. 19 அன்று பக்கத்து வீட்டில் பிறந்த குழந்தைக்கு ஒன்றும் இல்லை. அக்காவுக்கு உண்டு, தம்பிக்கு இல்லை. திரும்பவும் சொல்கிறேன்: அந்த மூலச் சட்டப்படி, தாத்தா மீன் பிடித்த அதே ஆற்றங்கரையில் வளரும் பிள்ளை, பெரியவர் ஒருவர் இறந்து அவர் பங்கு கைமாறி வந்தாலொழிய, அந்த நிறுவனத்துக்கு அந்நியன். இவர்களுக்கு 'ஆஃப்டர்பார்ன்ஸ்', அதாவது பின்னர் பிறந்தவர்கள், என்றே அங்கே பெயர் நிலைத்துவிட்டது.

மூலச் சட்டப்படி 1991 முடிந்ததும் பங்குகளை யாருக்கும் விற்கலாம் என்றிருந்தது, பங்கு போனால் நிலமும் போகும் என்ற அச்சத்தைக் கிராமங்களில் விதைத்தது. கனடாவின் முன்னாள் நீதிபதி தாமஸ் பெர்கர் 1980களில் கிராமம் கிராமமாகச் சென்று கேட்ட சாட்சியங்களில் இந்த அச்சம் நிறைந்திருந்தது. 1988இல் வந்த திருத்தம் விற்பனைத் தடையை நீட்டித்தது. பின்னர் பிறந்தவர்களுக்குப் பங்கு தரவும் வழி செய்தது, ஆனால் பழைய பங்குதாரர்கள் வாக்களித்து ஒப்புக்கொண்டால்தான்.

நேரம் நெருங்குவதால் அலாஸ்காவின் வெனிட்டி கிராமத்தின் கதையைச் சுருக்கியே சொல்ல வேண்டியிருக்கிறது. அங்குள்ள குவிச்சின் பழங்குடி மக்கள், ஆர்க்டிக் வில்லேஜ் என்ற கிராமத்து மக்களோடு சேர்ந்து, பணம் வேண்டாம் என்று சொல்லிச் சுமார் 18 லட்சம் ஏக்கர் நிலத்தை மட்டும் பெற்று, அதைத் தங்கள் பழங்குடி அரசின் பெயருக்கே மாற்றினார்கள். பின்னர் அங்கே பள்ளிக்கூடம் கட்டிய ஒப்பந்ததாரருக்கு அவர்கள் வரி விதித்தபோது வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நிலம் அவர்களுடையதே என்றாலும், அதில் வரி விதிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை என்று 1998இல் தீர்ப்பாயிற்று. வணக்கம்.