3 கோடி வீரர்களை நிறுத்தி ஒரு கம்ப்யூட்டர்: நிஜமாகவே வேலை செய்யுமா?

[திரை முழுக்க மனிதத் தலைகள். கேமரா மெல்ல மேலே போகிறது.]

வணக்கம் மக்களே! ஒரு பெரிய சமவெளி. 3 கோடிப் போர்வீரர்கள் அணிவகுத்து நிற்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு வெள்ளைக்கொடி, ஒரு கறுப்புக்கொடி. மேடையில் சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங். கட்டளை வந்ததும் கொடிகள் ஏறுகின்றன, இறங்குகின்றன. ஆனால் எதிரிப்படை என்று யாருமே அங்கே இல்லை. அந்தப் படை கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது!

சீன எழுத்தாளர் லியு சிஷினின் 'தி த்ரீ-பாடி பிராப்ளம்' நாவலில் வரும் காட்சி இது. சமீபத்தில் அறிவியல் புனைகதை, மாயாஜாலக் கதை என்று மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பொருளின் உண்மைப் பெயர் தெரிந்தால் அதை ஆளலாம் என்கிற உர்சுலா லெ குவினின் 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' அருமை, அதற்குத் தனி வீடியோ போடுகிறேன். ஆனால் படிப்பதை நிறுத்திவிட்டுப் பேப்பரும் பேனாவும் எடுக்க வைத்தது இந்த 3 கோடிப் பேர்தான்.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'தி த்ரீ-பாடி பிராப்ளம்' 2006-இல் சீனாவில் தொடராக வந்தது, 2008-இல் புத்தகமானது. 2014-இல் கென் லியு ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். 2015-இல் சிறந்த நாவலுக்கான ஹ்யூகோ விருது, அறிவியல் புனைகதை உலகின் பெரிய விருது. ஆசியாவிலிருந்து அந்த விருதை வென்ற முதல் நாவல் இதுதான். எழுதியவர் ஒரு மின் நிலையத்தில் பொறியாளராக வேலை பார்த்தவர். போதும், விஷயத்துக்கு வருவோம்.

நாவலுக்குள்ளே ஒரு வீடியோ கேம் வருகிறது. அந்த உலகத்துக்கு மூன்று சூரியன்கள். எப்போது விடியும், எப்போது எல்லாம் உறைந்துபோகும் என்று யாருக்கும் தெரியாது. ஒன்றையொன்று ஈர்க்கும் பொருட்கள் இரண்டு மட்டும் இருந்தால் அவற்றின் பாதையை ஒரு சூத்திரத்தில் எழுதிவிடலாம். மூன்றாவது வந்ததும் அந்த வசதி போய்விடுகிறது. தொடக்கத்தில் ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்தாலும், போகப்போக விடை எங்கேயோ போய் நிற்கும். அதனால் ஒவ்வொரு சின்ன நகர்வாகக் கணக்குப் போட்டுக்கொண்டே போக வேண்டும். அதற்கு அசுரத்தனமான கணக்கு வேலை தேவை. கேமில் வரும் நியூட்டனும், கம்ப்யூட்டர் முன்னோடியான வான் நியூமனும் பேரரசரிடம் போய்ப் படையைக் கேட்பது இதற்காகத்தான்.

[மூன்று வீரர்கள் மட்டும் திரையில்.]

இப்போது கவனமாகப் பாருங்கள். மூன்று பேர். கறுப்புக்கொடி என்றால் 1, வெள்ளைக்கொடி என்றால் 0. முதல் இருவர் உள்ளீடு, மூன்றாமவர் வெளியீடு. அவருக்கு ஒரே ஒரு விதி: முன்னால் இருக்கும் இருவருமே கறுப்பைத் தூக்கினால் மட்டும் நீயும் கறுப்பைத் தூக்கு, இல்லாவிட்டால் வெள்ளை. பேங்க் லாக்கர் மாதிரி. நம் சாவி, பேங்க் சாவி இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். கம்ப்யூட்டர் பாடத்தில் வரும் 'ஆண்ட் கேட்' இதுதான். அந்த வீரருக்குக் கணக்கே தெரிய வேண்டாம், கண் தெரிந்தால் போதும்!

சரி, இது எப்படிக் கூட்டல் போடும்? இன்னொரு வீரரை நிறுத்துங்கள். இவருக்கு வேறு விதி: முன்னால் இருக்கும் இருவரின் கொடிகளும் வேறு வேறு நிறமாக இருந்தால் மட்டும் கறுப்பு. இப்போது 1-ஐயும் 1-ஐயும் கூட்டுவோம். உள்ளீட்டு வீரர்கள் இருவரும் கறுப்பைத் தூக்குகிறார்கள். லாக்கர் விதிக்காரர் கறுப்பு. வேறு நிற விதிக்காரர் வெள்ளை. சேர்த்துப் படித்தால் கறுப்பு, வெள்ளை. அதாவது 1, 0. 0, 1 மட்டும் வைத்து எழுதும் இரும எண்ணில் அதுதான் 2! நான்கு பேர், நான்கு ஜோடிக் கொடிகள், ஒரு கூட்டல். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இன்றைக்கே செய்து பாருங்கள். பிரமாதமாக இருக்கும்.

நாவலில் இப்படி 1 கோடி கேட்கள். தகவலைத் தூக்கிக்கொண்டு ஓடக் குதிரைப்படை, விடைகளை எழுதி வைக்கப் படித்தவர்கள் கூட்டம். மெமரி, தகவல் போய்வரும் பாதையான 'பஸ்', பிராசசர் எல்லாமே மனிதர்கள்.

இனி என் கேள்வி: இது நிஜத்தில் ஓடுமா? தர்க்கப்படி ஓடும், சந்தேகமே இல்லை. வேகம்தான் பிரச்சினை. நொடிக்கு ஒரு தடவை எல்லாரும் கொடி மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய நல்ல போனின் சிப் நொடிக்கு 300 கோடித் துடிப்புகளில் ஓடுகிறது. போனின் ஒரே நொடித் துடிப்புகளை இந்தப் படை எண்ணி முடிக்க 95 வருஷம் ஆகும்.

அதுகூடப் பரவாயில்லை. ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் கொடுத்தால் மைதானம் பக்கத்துக்கு ஐந்தரை கிலோமீட்டர். ஒரு மூலையில் முரசு அடித்தால் அடுத்த ஓரத்துக்குச் சத்தம் போய்ச்சேரவே 16 நொடி! நொடிக்கு ஒரு அடி என்றால், இந்தப் பக்கம் பதினாறு தடவை முரசு அடித்த பிறகுதான் அந்தப் பக்கம் முதல் அடியே கேட்கும். எல்லாரும் எப்படிச் சேர்ந்து கொடி தூக்குவார்கள்? எனக்கு இதில் பிடித்ததே, சிப் வடிவமைப்பவர்களுக்கும் இதே தலைவலி இருக்கிறது என்பதுதான். 300 கோடித் துடிப்பில் ஒரு துடிப்புக்குள் ஒளியே 10 சென்டிமீட்டர்தான் போகும். முரசுச் சத்தம் சிப்பின் எல்லா மூலைக்கும் ஒரே நேரத்தில் போய்ச்சேர வேண்டுமே என்று அவர்களும் மண்டையைப் போட்டு உடைக்கிறார்கள்.

[பழைய பாரிஸ் நகர ஓவியம். ஒரு மேசை, காகிதக் கட்டுகள்.]

இப்போது நாவலில் இல்லாத, நிஜமாக நடந்த கதை. ஹாலி வால்நட்சத்திரம் மறுபடி எப்போது வரும்? சூரியன் ஒரு பக்கம் இழுக்க, வியாழனும் சனியும் இன்னொரு பக்கம் இழுக்கின்றன. அதே சிக்கல்! பாரிசில் அலெக்சிஸ் கிளெரோ, ஜெரோம் லலாந்த், நிக்கோல்-ரெய்ன் லெபோத் என்ற மூன்று பேர் மாதக்கணக்கில் உட்கார்ந்து கையால் கணக்குப் போட்டார்கள். 1758 நவம்பரில் விடையை அறிவித்தார்கள்: அடுத்த ஏப்ரல் நடுவில் சூரியனுக்கு மிக அருகில் வரும், ஒரு மாதம் முன்பின் ஆகலாம். வந்தது 1759 மார்ச் 13. எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் சுற்றும் ஒரு பொருளுக்கு ஏறக்குறைய ஒரு மாதப் பிழை! கொடி இல்லை, படை இல்லை, மூன்று மனிதர்கள். மூவரில் லெபோத் ஒரு பெண். அவருடைய பங்கைக் கிளெரோ பின்னால் தன் நூலிலிருந்து விட்டுவிட்டார். லலாந்த்தான் அவர் இல்லாமல் இது நடந்திருக்காது என்று எழுதி வைத்தார். லெபோத் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்த வீடியோவில் இந்தப் பகுதியைச் சேர்த்தேன்.

ஒரு சின்னத் திருத்தம். நாவலின் மூன்று சூரியன்கள் இருப்பதாகச் சொல்லப்படும் ஆல்ஃபா சென்டாரி என்ற விண்மீன் தொகுதியில் நிஜமாகவே மூன்று விண்மீன்கள் உண்டு. ஆனால் இரண்டு ஒன்றையொன்று 80 வருஷத்தில் சுற்றுகின்றன, மூன்றாவதான பிராக்சிமா வெகுதூரம் தள்ளி நிதானமாகப் போகிறது. கதையில் வருகிற அளவு குழப்பம் அங்கே இல்லை.

படிக்கப் போகிறவர்களுக்கு: ஆங்கிலப் பதிப்பு சீனக் கலாச்சாரப் புரட்சியில் தொடங்குகிறது. கொஞ்சம் கனமான பகுதி, தாண்டிப் போகாதீர்கள். கதையின் கோபம் முழுக்க அங்கேதான் பிறக்கிறது. பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அந்த மைதானத்தில் முரசு தாமதமாகக் கேட்கிற பிரச்சினைக்கு உங்களிடம் தீர்வு இருக்கிறதா? மின்சாரம் கூடாது, கொடியும் ஆளும் மட்டும்தான். கமென்ட்டில் எழுதுங்கள், அடுத்த வீடியோவில் நல்ல யோசனைகளைப் படம் போட்டுக் காட்டுகிறேன்.