பள்ளி மணி நின்ற நாள்கள்

நேயர்களுக்கு வணக்கம். உடல்பருமன் உள்ள பிள்ளைகளைப் பற்றிப் பேச வரும்போதெல்லாம், மைலோ பானத்தில் எத்தனை கரண்டி சீனி என்பதிலிருந்துதான் தொடங்குவேன் என்று பலரும் எதிர்பார்க்கிறார்கள். இன்று உணவை ஒதுக்கிவிட்டுப் பள்ளி மணியைப் பற்றிப் பேசப் போகிறேன்.

கோவிட் பரவலால் 2020 மார்ச் 18ஆம் நாள் நம் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது, பாடம் மட்டும் நிற்கவில்லை. பள்ளிக்கு நடப்பது, ஓய்வுநேரத்தில் சிற்றுண்டிச்சாலைக்கு ஓடுவது, உடற்கல்வி, மாலைப் புறப்பாட நடவடிக்கை ஆகிய எல்லாமே ஒன்றாக நின்றன. விளையாட்டில் பித்துள்ள பிள்ளை வீட்டுக்குள்ளும் பந்தை உதைக்கும். எந்தக் குழுவிலும் கடைசியாகச் சேர்த்துக்கொள்ளப்படும் பருமனான பிள்ளைக்கோ, பெரும்பாலும் பள்ளி கட்டாயப்படுத்திய அசைவைத் தவிர வேறு அசைவு இருப்பதில்லை.

இத்தாலியின் வெரோனாவில் ஆய்வாளர்கள், உடல்பருமன் உள்ள 41 பிள்ளைகளின் பழக்கங்களை ஊரடங்கின் மூன்றாவது வாரத்தில் கேட்டறிந்து, முந்திய ஆண்டுப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். விளையாட்டு நேரம் வாரத்திற்கு 2 மணி நேரத்திற்கு மேல் குறைந்திருந்தது. திரை நேரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மணி நேரம் கூடியிருந்தது. தூக்கமும் நாளொன்றுக்கு அரை மணி நேரத்திற்குச் சற்று மேல் கூடியிருந்தது.

தூக்கம் கூடியது நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். 2020 ஜூனில், பினாங்கின் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி ஒன்றிலிருந்து பத்து வயதுப் பேரனை அழைத்துவந்த பாட்டியும் அதைத்தான் கேட்டார்: "பையன் ஒன்பது மணி நேரம் தூங்குறான் டாக்டர், இன்னும் என்ன வேணும்?" அந்த வயதுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும் என்பதால், பாட்டியின் கணக்கில் பிழையில்லை. எத்தனை மணிக்குப் படுக்கிறான் என்று கேட்டேன். "மூணு மணி" என்றார். பிற்பகலா என்று நான் கேட்க, பையன் சிரித்துவிட்டான்.

வீட்டில் இருந்ததோ ஒரே கைத்தொலைபேசி. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குத் தந்தை அதைக் கொண்டுபோய்விடுவார்; இரவு எட்டு மணிக்குத்தான் அது வீடு திரும்பும். ஆசிரியர் பகலில் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாடங்களை முடிக்கவே பதினொன்றாகிவிடும், அதன் பிறகு விளையாட்டு, அதனோடு ஒரு கிண்ணம் மேகி. பையன் எழும்போது நண்பகலாகியிருக்கும். நம் பினாங்கில் நண்பகல் வெயிலில் எந்தப் பிள்ளை ஓடும்? மாலையில் மழை பிடித்துக்கொண்டால் அன்றைய நாள் முடிந்தது. ஓடியாடக்கூடிய குளிர்ந்த வேளை முழுவதையும் அவன் தூங்கியே கழித்தான். அதனால்தான், பிள்ளை எவ்வளவு தூங்குகிறது என்பதோடு எப்போது தூங்குகிறது என்பதையும் கேளுங்கள் என்று, கேட்போருக்குச் சலிக்கும் அளவுக்குச் சொல்லி வருகிறேன். இரவில் கண்ணருகே இருக்கும் திரை வெளிச்சம், தூக்கத்திற்கு ஆயத்தப்படுத்தும் மெலடோனின் சுரப்பதைத் தள்ளிப்போடுகிறது. காலை வெளிச்சமோ உடலின் கடிகாரத்தை முன்னே இழுத்துவைக்கிறது.

பாட்டியிடம் உணவுப் பட்டியல் எதையும் நான் கொடுக்கவில்லை. காலை ஏழரை மணிக்குப் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது பையனும் உடனிருக்க வேண்டும், குப்பைப் பையைப் படிக்கட்டு வழியாக அவனே கொண்டுபோக வேண்டும், பத்து மணிக்குத் தொலைபேசி அப்பாவின் தலையணைக்கடியில் போய்விட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். இரண்டு மாதத்தில் எடை குறையவில்லை, ஆனால் கூடவும் இல்லை. வளரும் பிள்ளைக்கு அதை நான் வெற்றியாகவே கொள்வேன். படிக்கட்டில் பாட்டியைப் பந்தயத்திற்கு அழைக்கிறான் என்ற புகார்தான் பிறகு வந்தது.

நேரம் முடிகிறது என்று அறிவிப்பாளர் கைகாட்டுகிறார். குறட்டையைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பருமனான பிள்ளை பல இரவுகளில் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திணறி எழுந்தால், அதை ஆழ்ந்த தூக்கம் என்று எண்ணாமல், கைத்தொலைபேசியில் அரை நிமிடம் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டுங்கள். வணக்கம்.