கொரில்லாவுக்கு மருந்து சரி, ஊருக்குக் கழிப்பறை எங்கே?

அவைத் தலைவர் அவர்களே, காட்டுயிர் மன்றச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் கால்நடை மருத்துவர்களே, இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே கேட்கும் மாணவர்களே, வணக்கம். துணைவேந்தர் ஐயா வேறொரு விழாவை விட்டுவிட்டு வந்திருக்கிறார். குடற்புழு பற்றிய பேச்சுக்கு இவ்வளவு பெரிய மனிதர் வருவது அபூர்வம், அவருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

மூன்று விஷயம் பேச நினைத்தேன். மனிதர்களை ஒட்டி வாழும் கொரில்லாவுக்குப் புழு எப்படி வருகிறது, சிம்பன்சி அதற்கு என்ன வைத்தியம் பார்த்துக்கொள்கிறது, உராங்குட்டான் மறுவாழ்வு மையங்களில் என்ன நடக்கிறது. மூன்றையும் முடிப்பேனா என்பது செயலாளர் மணியடிக்கும் நேரத்தைப் பொறுத்தது.

முதலில் 1996-இல் உகாண்டாவின் பிவிண்டிக் காட்டுக்குப் போவோம். சில மலைக் கொரில்லாக்களுக்கு முடி கொட்டி, தோல் வெள்ளையாகச் செதில் செதிலாக உரிகிறது. அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த இளம் மருத்துவர் கிளாடிஸ் கலேமா-சிகுசோகா. அந்த நாட்டு வனவிலங்குத் துறையின் முதல் கால்நடை மருத்துவரே அவர்தான். அவர் என்ன செய்தார் தெரியுமா? மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒருவரிடம் போய், 'இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அதிகமாக வரும் தோல்நோய் எது?' என்று கேட்டார். 'சிரங்கு' என்றார் அவர். அதேதான்! வாழை தின்னக் காட்டைவிட்டுத் தோட்டத்துக்கு வந்த கொரில்லாக்கள், அங்கே பழைய துணி மாட்டி நிறுத்தியிருந்த பொம்மைகளைத் தொட்டிருக்கின்றன. அவற்றை விரட்ட வைத்த பொம்மையே நோயைக் கொடுத்துவிட்டது. ஒரு குட்டி செத்துப்போனது, மற்றவை ஐவர்மெக்டின் மருந்தில் பிழைத்தன.

சிரங்கு தோலில் வருவது, இவன் ஏன் அதைச் சொல்கிறான் என்பீர்கள். வழி ஒன்றுதான், ஐயா, மனிதனிடமிருந்துதான். துணியில் வந்தது சிரங்கு, மண்ணில் வருவது புழு. மலத்தோடு மண்ணில் விழும் கொக்கிப்புழு முட்டை குஞ்சாகி, ஈரமண்ணில் காத்திருந்து தோலைத் துளைத்து உள்ளே போகும். விரல் முட்டியை மண்ணில் ஊன்றி நடக்கிற பிராணி எப்படித் தப்பும்? மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் ஜங்கா-சங்கா காட்டில், கொரில்லாவின் வயிற்றிலும் அங்கே வேலை பார்க்கும் மனிதர்கள் வயிற்றிலும் ஒரே இனக் கொக்கிப்புழுக்களைக் கண்டிருக்கிறார்கள். காட்டுக் குரங்கிடம் புழு இருப்பது இயற்கைதான், அதை நான் மறுக்கவில்லை. காடு சுருங்கி, வயலும் காடும் ஒன்றோடொன்று உரசும்போதுதான் வினையே.

கொரில்லா தினமும் புதுப் படுக்கை கட்டித் தூங்கும், சாணத்தையும் அதிலேயே போட்டுவிட்டுப் போகும். மறுநாள் ஆட்கள் அந்தப் படுக்கைகளைத் தேடிப்போய்ச் சாணத்தை எடுத்துவந்து சோதிக்கிறார்கள். அருமையான வேலை. ஆனால் காட்டோர ஊர்க்காரன் கழிப்பறை இல்லாமல் எங்கே ஒதுங்குகிறான் என்று கேட்காவிட்டால், அது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. கொரில்லாவுக்கு மருந்து கொடுக்கலாம், மண் அப்படியேதானே இருக்கும்?

சிம்பன்சி விஷயம் சுருக்கமாக. சொரசொரப்பான இலையை மடித்து, மெல்லாமல், காலையில் வெறும் வயிற்றில் விழுங்கும். இலை முழுசாக வெளியே வரும்போது சில சமயம் அதோடு புழுவும் உயிரோடு வரும். தான்சானியாவின் மகாலேயில் 1987-இல் ஆய்வாளர் மைக்கேல் ஹஃப்மன், உடம்பு சரியில்லாத ஒரு சிம்பன்சி கசப்புச் செடியின் தண்டை மென்று சாறு குடித்ததையும், மறுநாள் தேறியதையும் பார்த்தார். அது தன் வைத்தியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறது, நாம்தான் இன்னும் தும்பை விட்டுவிட்டு நிற்கிறோம்.

கிளாடிஸ் 2003-இல் ஒரு அமைப்பையே தொடங்கி, கொரில்லாவையும் ஊர் மக்களையும் சேர்த்தே கவனிக்கிறார். நான் கேட்பதும் அதுதான். ருவாண்டாவில் ஒரு மணி நேரம் கொரில்லா பார்க்க 1500 டாலர். அங்குள்ள தேசியப் பூங்கா வருமானத்தில் 10 சதவீதம் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகிறது. கொரில்லா வாழும் எல்லா நாடுகளிலும் இந்த மாதிரிப் பணத்தில் ஒரு பகுதியைக் கழிப்பறைக்கும் பூச்சி மாத்திரைக்கும் என்றே எழுதி ஒதுக்க வேண்டும்.

மணி அடித்துவிட்டார். உராங்குட்டான் இன்னொரு நாள். இதைக் கேட்கும் தீர்மானத்தின் நகல் வாசல் மேசையில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். துணைவேந்தர் ஐயா முதல் கையெழுத்துப் போட்டால் எங்களுக்குப் பெருமை.