வாட்டர் பாட்டிலில் மார்பின்! உகாண்டா செய்த காரியம்

[திரையில்: பழைய மினரல் வாட்டர் பாட்டில், உள்ளே பச்சை நிறத் திரவம்]

வணக்கம் நண்பர்களே! இந்தப் பாட்டிலில் இருப்பது மார்பின். கடும் வலியை அடக்கும் மருந்து. ஆமாம், அபினியிலிருந்து எடுக்கிற அதே மார்பின்தான். எத்தனையோ நாடுகளில் பூட்டுக்கு மேல் பூட்டுப் போட்டு வைத்திருக்கிற மருந்து. உகாண்டாவில் புற்றுநோயாளிகள் இதை வீட்டுக்கே எடுத்துப்போய்க் குடிக்கிறார்கள். அதுவும் அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது.

பின்னணியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், ஓட்டிவிடாதீர்கள். தலைநகர் கம்பாலாவில் 1967-லேயே உகாண்டா புற்றுநோய் நிலையம் வந்துவிட்டது. ஆனால் பெரும்பாலானவர்கள் நோய் முற்றிய பிறகுதான் அங்கே போய்ச் சேருகிறார்கள். 2016-இல் நாட்டில் இருந்த ஒரே கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரமும் பழுதாகிவிட்டது. புதியதைத் திறக்க 2018 ஆகிவிட்டது. இப்படிப்பட்ட இடத்தில் நோயாளி எப்படி வாழ்கிறார் என்பதை முதலில் தீர்மானிப்பது வலி.

வலிக்கு மருந்து இருக்கிறதா? லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2017-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. உலகம் முழுக்க ஒரு வருஷத்தில் விநியோகமாகும் மார்பின் வகை மருந்து 298.5 டன். அதில் மிகக் குறைந்த வருமான நாடுகள் அத்தனைக்கும் சேர்த்துக் கிடைத்தது 0.1 டன். அதாவது நூறு கிலோ. இரண்டு மூட்டை சிமெண்ட்!

சரி, பாட்டிலுக்கு வருவோம். டாக்டர் ஆன் மெரிமன், லிவர்பூலில் பிறந்தவர், முன்பு கன்னியாஸ்திரீயாக இருந்தவர். சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது அங்கிருந்த மருந்தாளுநர்களோடு சேர்ந்து ஓர் எளிய கலவையைக் கண்டுபிடித்தார். மார்பின் பொடி, தண்ணீர், கெட்டுப்போகாமலிருக்க ஒரு பொருள், கொஞ்சம் கலர். அவ்வளவுதான்! 1993-இல் அவர் கம்பாலாவில் ஹாஸ்பிஸ் ஆப்பிரிக்கா உகாண்டா என்ற, நோய் முற்றியவர்களைப் பராமரிக்கிற அமைப்பை ஆரம்பித்தபோது கையில் மூன்று மாதத்துக்கான பணம்தான் இருந்தது. ஆரம்பத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, சமையலறையிலேயே கலக்கி, ஹோட்டல்களில் தூக்கிப்போட்ட வாட்டர் பாட்டில்களில் ஊற்றிக் கொடுத்தார்கள்.

கலர் எதற்கு? பச்சை என்றால் 5 மில்லியில் 5 மில்லிகிராம். இளஞ்சிவப்பு என்றால் அதைப்போலப் பத்து மடங்கு வீரியம். லேபிள் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் கலர் தெரியுமே! என்னைக் கேட்டால், போனில் இருக்கிற பாதி ஆப்களைவிட இது நல்ல டிசைன்.

நான்கு மணி நேரத்துக்கு ஒரு வேளை. படுக்கும்போது மட்டும் இரட்டை அளவு, நடுராத்திரியில் யாரும் எழுந்திருக்க வேண்டாம். மார்பின் குடித்தால் மலச்சிக்கல் கூடவே வரும். அதற்கு மாத்திரை கிடைக்காத ஊரில் என்ன கொடுக்கிறார்கள் தெரியுமா? பப்பாளி விதை! (நீங்களாக முயற்சி செய்யாதீர்கள், ப்ளீஸ்.) புற்று புண்ணாகி நாற்றம் எடுத்தால் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை நுணுக்கிப் புண்மேல் தூவுகிறார்கள். நாற்றம் அடங்கினால்தான் பக்கத்தில் ஆள் வந்து உட்காரும்.

டாக்டர்கள் போதாது என்பதால், பயிற்சி பெற்ற நர்ஸ்களும் மார்பின் எழுதித் தரலாம் என்று 2004-இல் சட்டத்தையே மாற்றினார்கள். "அடிமையாகிவிட மாட்டார்களா?" என்று கமெண்டில் கேட்கப்போகிறீர்கள், தெரியும். புற்றுநோய் வலிக்கு அளந்து குடிக்கிறவர்கள் அடிமையாவது அபூர்வம்.

அடுத்து, எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். வலது கையை நீட்டுங்கள். நிஜமாகத்தான், நீட்டுங்கள்!

[திரையில்: மூடிய கை, ஒவ்வொரு விரலாக விரிகிறது]

மூடிய கை என்றால் வலியே இல்லை, 0. ஐந்து விரலும் விரிந்தால் தாங்கவே முடியாத வலி. கம்பாலாவிலிருந்து இயங்கும் ஆப்பிரிக்க பாலியேட்டிவ் கேர் (வலியையும் வேதனையையும் தணிக்கிற பராமரிப்பு) சங்கம் தயாரித்த கேள்வித்தாளுக்கு நோயாளிகள் இப்படி விரலாலேயே பதில் சொல்லலாம். மொத்தம் 10 கேள்விகள், கடந்த மூன்று நாளைப் பற்றி. முதல் கேள்வி வலி. அப்புறம் பாருங்கள்: மனசில் இருப்பதை வீட்டாரிடம் சொல்ல முடிந்ததா? வாழ்வது வீண் இல்லை என்று தோன்றியதா? மனசு நிம்மதியாக இருந்ததா? குடும்பத்தின் எதிர்காலத்தைத் திட்டமிட ஆலோசனை கிடைத்ததா? கடைசி மூன்றும் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவருக்கு. அவர் எவ்வளவு கவலையில் இருக்கிறார் என்றும் கேட்கிறார்கள்! நம் வீட்டில் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனவரிடம் யாராவது இதைக் கேட்டிருக்கிறார்களா?

ஓர் அம்மாவுக்கு வலி ஒரு விரலுக்கு இறங்கியிருக்கலாம். பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் யார் கட்டுவார்கள் என்ற கவலை ஐந்து விரலாகவே நிற்கும். பச்சை பாட்டில் அதற்கு மருந்தில்லை. மருந்து ஸ்டாக் தீர்ந்துபோகிற மாதங்களும் உண்டு, பாட்டில் எட்டிப்பார்க்காத கிராமங்களும் உண்டு.

பக்கத்து நாடான ருவாண்டாவும் இப்போது பொடியை வாங்கித் தானே திரவ மார்பின் கலக்குகிறது. அந்தக் கதை வேண்டுமென்றால் கமெண்டில் எத்தனை விரல் என்று போடுங்கள். ஐந்து நிறைய வந்தால் அடுத்த வீடியோ அதுதான்!