மைத்துனருக்கும் ஞாயிறு, இட்லிப் பொடிக்கும் ஞாயிறு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவை ஒழுங்காக நடத்த அட்மினுக்குத் தேவை எழுதி வைத்த விதியா, ஆளறிந்த பக்குவமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். விதியே என்று வழக்காட வந்திருக்கிறேன்.

எதிரணியில் பேசிய அம்மா, "அட்மின் வீட்டுப் பெரியவர் மாதிரி, யாரிடம் எப்படிச் சொன்னால் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும்" என்றார். கைதட்டலும் வாங்கினார். அந்தப் பெரியவரைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போமா? சங்கச் செயலாளரின் மைத்துனர் குழுவில் மனை விளம்பரம் போடுகிறார். "பாவம், இப்பத்தான் தொழில் ஆரம்பிச்சிருக்கார்" என்று பெரியவர் விட்டுவிடுகிறார். மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கும் பெண், வீட்டில் அரைத்த இட்லிப் பொடி கிடைக்கும் என்று போடுகிறார். அஞ்சு நிமிஷத்தில் அந்தப் பதிவு காலி. அட்மின் நீக்கினார் என்ற வரி மட்டும் பெயரோடு அங்கேயே நிற்கிறது, அத்தனை வீடும் பார்க்கிறது. ஆளறிந்து நடப்பவருக்கு முதலில் தெரிய வருவது யார் யாருக்குச் சொந்தம் என்பதுதான், நடுவர் அவர்களே!

"விற்பனை விளம்பரம் ஞாயிறு மட்டும், வீட்டுக்கு ஒன்று." இப்படி ஒரு வரி எழுதியிருந்தால் மைத்துனருக்கும் ஞாயிறு, இட்லிப் பொடிக்கும் ஞாயிறு.

விதி என்று நான் சொல்வது "அனைவரும் நாகரிகமாக நடந்துகொள்ளவும்" என்பதை அல்ல. அது காலண்டர் வாசகம். எது நாகரிகம் என்று அட்மின் ஒவ்வொரு முறையும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தால் அது மறுபடியும் பக்குவம்தான், விதி வேஷம் போட்ட பக்குவம். பார்த்தவுடன் மீறினாரா இல்லையா என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிட வேண்டும். அதுதான் விதி.

ஃபார்வர்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சந்தேகப்பட்டு ஒரு வயதான பெண்ணை அடித்தே கொன்றார்கள். அந்தச் சமயத்தில் வட மாவட்டங்களில் வாட்ஸ்அப் வழியே பிள்ளை பிடிக்கும் கும்பல் வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. அதே ஆண்டு ஜூலையில்தான் இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து சாட்டுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாது என்று அந்த நிறுவனம் கட்டுப்பாடு கொண்டு வந்தது. ஐந்து கை தாண்டி வந்த செய்திக்கு இரட்டை அம்புக்குறி விழும். 2020 ஏப்ரல் முதல் அப்படிப்பட்ட செய்தியை ஒரு தடவைக்கு ஒரே ஒரு சாட்டுக்குத்தான் அனுப்பலாம்.

இப்போது அட்மின் என்ன செய்ய வேண்டும்? பக்குவம் உள்ளவர் செய்தியை முழுக்கப் படித்து, உண்மையா பொய்யா என்று யோசித்து, அனுப்பியவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஆயிற்றே என்று தயங்கி நிற்பார். அதற்குள் பத்துப் பேர் வேறு குழுக்களுக்குத் தள்ளிவிட்டிருப்பார்கள். "இரட்டை அம்புக்குறி உள்ள எதுவும் இங்கே வேண்டாம்" என்று எழுதி வைத்தவருக்கு யோசனையே இல்லை. அம்பு இரண்டு இருக்கிறதா? எடுத்துவிடு. உண்மையான செய்தி ஒன்றிரண்டு இதில் அடிபடும், ஒப்புக்கொள்கிறேன். அதை நாளிதழில் படித்துக்கொள்ளலாம்.

"கண்டிப்பு காட்டினால் ஆளை வெளியேற்ற வேண்டிவரும், அண்டை வீட்டுக்காரரை எப்படி வெளியேற்றுவது?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. பெரும்பாலான குழுக்கள் சண்டையில் முடிவது இந்த இடத்தில்தான். ஏன்? நாளைக் காலை 6 முதல் 10 வரை மோட்டார் ஓடாது என்ற அறிவிப்பும், அரட்டையும், பிறந்தநாள் வாழ்த்தும் ஒரே குழுவில் வருகின்றன. நாற்பது கேக் படத்துக்கு அடியில் மோட்டார் அறிவிப்பு புதைந்துபோய், மறுநாள் தலையில் ஷாம்பூவோடு ஒருவர் குழாயைத் திருகிக்கொண்டு நிற்கிறார். ஆளை வெளியேற்றினாலோ அவருக்குத் தண்ணீர்ச் செய்தியே போய்ச் சேராது. அது தண்டனை அல்ல, அநியாயம்.

ஆகவே முதலில் குழுவை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று அறிவிப்புக்கு. அதில் அட்மின்கள் மட்டுமே எழுதும்படி அமைப்பை மாற்றுங்கள். அதிலிருந்து யாரையும் நீக்கக் கூடாது. இன்னொன்று பேச்சுக்கு. அங்கே முதல் மீறலுக்குச் செய்தியை எடுத்துவிட்டு, எத்தனையாவது விதி என்பதைத் தனிச் செய்தியில் ஒரே வரியில் சொல்லுங்கள். பொதுவில் வைத்து உபதேசம் செய்தால் அவர் பதில் சொல்லியே தீருவார், அவருக்கு ஆதரவாக நாலு பேர் வருவார்கள், விடிய விடிய ஓடும். இரண்டாவது தடவை, தேதி போட்டு எச்சரிக்கை. மூன்றாவது தடவை ஏழு நாள் வெளியே, திரும்பச் சேர்க்கும் தேதியை அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். தேதி சொல்லாத நீக்கம்தான் பகையாகிறது. தான் சண்டையில் இருக்கும் விஷயத்தில் அட்மின் கை வைக்கக் கூடாது, அடுத்த அட்மின் பார்ப்பார். அதற்காகவே மூன்று அட்மின்கள், அதில் ஒருவர் வாடகைக்கு இருப்பவர்.

"அட்மின் என்றால் போலீஸ் கேஸ் வரும், அதனால் அனுசரித்துப் போக வேண்டும்" என்றும் பயமுறுத்தினார்கள். கரூர் வழக்கறிஞர்களின் குழு ஒன்றைப் பற்றிய வழக்கில் 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது என்ன? மனுதாரர் அட்மினாக மட்டுமே இருந்தார், வேறு பங்கு இல்லை என்றால் போலீஸ் தாக்கல் செய்யும் இறுதி அறிக்கையில் அவர் பெயரை நீக்க வேண்டும் என்றது. உறுப்பினர் போட்ட பதிவுக்காக, அட்மின் என்ற ஒரே காரணத்தால் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும் சொன்னது. பயத்தில் அனுசரிக்க வேண்டிய அவசியம் அட்மினுக்கு இல்லை.

எதிரணியின் கூர்மையான கேள்வி ஒன்று பாக்கி. "ஒரு வீட்டில் துக்கம். எண்பது பேர் ஆறுதல் எழுதுகிறார்கள். அங்கே போய் விதி பேசுவீர்களா?" பேச மாட்டேன். ஏனென்றால் "வாழ்த்துக்கு எமோஜி மட்டும், துக்கச் செய்திக்கு ஒரு நாள் விலக்கு" என்று விதியிலேயே எழுதியிருப்பேன். பக்குவத்தை எழுதும்போது காட்டுங்கள், எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்கும். அமல்படுத்தும்போது காட்டினால் வேண்டியவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். இருபத்தைந்து விதி போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள், ஆறு போதும். குழுவின் உச்சியில் 'பின்' (pin) செய்து வைத்த செய்தி முப்பது நாளுக்கு மேல் நிற்காது. குழு விவரத்தில் எழுதுங்கள், அது நகராது.

கடைசியாக ஒன்று. பக்குவமான அந்தப் பெரியவர் பெங்களூருவில் மகன் வீட்டுக்குப் போகிறார், குழுவை விட்டு வெளியேறுகிறார். அவர் ஒருவரே அட்மினாக இருந்திருந்தால், உறுப்பினர்களில் யாரோ ஒருவரை வாட்ஸ்அப் தானாகவே அட்மின் ஆக்கிவிடும். சீட்டுக் குலுக்கல்தான்! அது மனை விளம்பரம் போட்ட மைத்துனராகவும் இருக்கலாம். ஆறு விதி எழுதி வைத்த குழுவில், அவரும் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டும் என்று சுட்டிக்காட்ட ஓர் இடம் இருக்கிறது. பக்குவத்தை நம்பிய குழுவில் மறுநாள் காலை எதைச் சுட்டிக்காட்டுவார்கள்? எதிரணியில் அடுத்து வருபவர் இதற்குப் பதில் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.