குதிர ரேஸ் எங்க சாகுது, எங்க தப்பிச்சிது?

வணக்கம் மக்காள், கல்லடிப் பாலத்தடியில நிண்டு கதைக்கிறன், காத்துச் சத்தம் கொஞ்சம் இரிக்கும், பொறுத்துக்கங்க. நம்மட பக்கம் ரேஸ் புக்கிக்குள்ள போய்ப் பாத்தா பெரியப்பா வயசு ஆக்கள் நாலஞ்சு பேர் இங்கிலாந்து ரேஸ டிவில பாத்து துண்டு எழுதிட்டு இரிப்பாங்க, பொடியன்மார் ஒருத்தனும் இல்ல, அவனுகள் எல்லாம் போன்ல கிரிக்கெட்டுக்குக் கட்டுறானுகள். அப்ப குதிர ரேஸ் முடிஞ்சிதா எண்டு கன பேர் கேட்டிருந்தீங்க.

சில இடத்தில முடிஞ்சிதுதான். 2024ல மக்காவோவில நிப்பாட்டிட்டாங்க, அதே வருசம் ஒக்டோபர் 5 சிங்கப்பூர்லயும் கடைசி ரேஸ், 1842ல தொடங்கின கிளப் அது, காணி வீடு கட்டப் போகுது. குதிரைக்குத் தண்ணி காட்டி, லாடம் அடிச்சு, விடிய நாலு மணிக்கு எழும்பி வேல செஞ்ச சனத்த நினைச்சா எனக்கு மனசு கேக்குதே இல்ல.

ஆனா பக்கத்தில ஹொங்கொங்கப் பாருங்க. அங்க எல்லார்ட காசும் ஒரே பூல்ல விழும், கிளப் ஒரு பங்க வெட்டிட்டு மிச்சத்த வெண்டவங்களுக்குப் பிரிக்கும், குதிர முதல்ல வரும் (வின்), இல்லாட்டி முன்னுக்கு வாற இடங்களுக்குள்ள வரும் (பிளேஸ்) எண்டு கட்டுறதுக்கு வெட்டு நூத்துக்குப் பதினேழரை. நம்மட சீட்டுல அத நடத்துற தாச்சி அவ்வளவு எடுத்தா யாரு மறுகா சீட்டுப் போடுவா சொல்லுங்க? கள்ள புக்கிமார் டிஸ்கவுண்ட் குடுக்க பெரிய கையெல்லாம் அங்கால போச்சு, 1996-97ல 9,200 கோடி ஹொங்கொங் டொலர் அளவு கட்டின இடம், 2005-06ல 6,000 கோடிக்கிட்ட வந்திட்டு.

அப்பதான் 2006ல வரிய மாத்தினாங்க, கட்டுற முழுக் காசுக்கும் வரி எண்டு இருந்தத, பரிசு குடுத்த பிறகு கிளப்ட கையில மிஞ்சிறதுக்கு மட்டும் எண்டாக்கினாங்க, அதால பெருசாக் கட்டித் தோத்தவங்களுக்கு ஒரு பங்கத் திருப்பிக் குடுக்க ஏலுமாப் போச்சு. பிறகு 2019ல இங்கிலாந்து ரோயல் அஸ்கொட் ரேஸோட வேர்ல்ட் பூல் தொடங்கிச்சு, கன நாட்டுக் காசு ஒரே பூல்ல. இது பெரிய விசயம் மக்காள், ஏனெண்டா பூல் சின்னனா இருந்தா நீங்க ஒரு குதிரையில கொஞ்சம் கூடக் கட்டின உடனே அதுட விலை, அதாவது வெண்டா கிடைக்கிற காசு, விழுந்திரும், உங்கட காசே உங்கட லாபத்தத் தின்னும், அந்தக் கடுப்பில ஆக்கள் போக பூல் இன்னும் சுருங்கும். பூல் பெருத்தா விலை அப்பிடி லேசா விழாது. இப்ப ஹொங்கொங்ல வருசத்துக்கு 13,000 கோடி ஹொங்கொங் டொலருக்கு மேல கட்டுறாங்க.

இந்தியாவில நேர்மாறு, கட்டுற முழுக் காசுக்கும் 28 வீதம் ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர்ல அதையும் 40 ஆக்கிட்டாங்க.

நான் ஒருத்தரையும் கட்டச் சொல்லல்ல, காசத் தொலைச்ச வீடுகள் நம்மட ஊர்லயும் இரிக்கு. ஆனா வடிவான போன் ஆப் ஒண்டு மட்டும் செஞ்சு விட்டிட்டு வெட்டுல கை வைக்காத கிளப்ப புதுசு செய்ற கிளப் எண்டு சொல்லாதீங்க, முதல்ல அவங்கட வெட்டு எவ்வளவு எண்டு கேளுங்க.