கட்டட வழக்கில் யார் நிபுணர்?

நேயர்களுக்கு வணக்கம். தண்டையார்பேட்டை, ராயபுரம், கொருக்குப்பேட்டைப் பக்கம் சுவரோடு சுவர் ஒட்டித்தான் பல வீடுகள் நிற்கின்றன. பக்கத்து மனையில் அஸ்திவாரத்துக்குப் பள்ளம் எடுத்ததும் நம் வீட்டில் விரிசல் விழுகிறது. பேச்சு முற்றி வழக்காகிறது. "தெரிஞ்ச இன்ஜினியர் ஒருத்தர் இருக்கார், சாட்சி சொல்லச் சொல்லலாம்" என்கிறார்கள். அவர் எந்த வேலை தெரிந்தவர் என்று முதலில் கேளுங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டம், 39-ஆம் பிரிவில், தனித்தேர்ச்சி உள்ளவரின் கருத்தைச் சாட்சியமாக ஏற்கிறது. இன்ன பட்டம் வேண்டும் என்று அதில் இல்லை. ஆனால் 2009-இல் ஒரு மருத்துவ வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்தப் பொருளைத் தனியாகப் படித்தவர் அல்லது அதில் தனி அனுபவம் உள்ளவர் என்று காட்ட வேண்டும் என்றது. வெறும் பி.இ. சிவில் போதாது. ரோடு வேலையிலேயே இருந்தவர் அஸ்திவாரம் இறங்கியதைப் பற்றிச் சொன்னால், குறுக்கு விசாரணையில் நிற்காது.

சோதனைக் கருவியின் எல்லையும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழைய கட்டடத்தில் ரீபவுண்ட் ஹேமரை (மேல்பரப்பில் தட்டி வலிமையைக் கணிக்கும் சுத்தியல் கருவி) மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு "கான்கிரீட் நல்லா இருக்கு" என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு பட்டுப்பட்டு மேல்பரப்பு இறுகிவிடும். கருவி உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். எண்ணூர், காசிமேடு போன்ற கடலோரத்தில் உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்கும். அதை இந்தக் கருவி சொல்லாது. கான்கிரீட்டைத் துளைத்து கோர் எனும் உருளைத் துண்டுகளைச் சோதனைக்கு எடுத்தால், கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 விதிப்படி குறைந்தது 3 வேண்டும். சராசரி, கேட்கப்பட்ட வலிமையில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும். எதுவும் 75-க்குக் கீழே போகக் கூடாது. ஒரே கோரை வைத்து பில்டரைக் குற்றம் சொன்னால், எதிர்த்தரப்பு வக்கீல் அங்கேதான் பிடிப்பார்.

இன்னொன்று, நேர்மை. கூலி கொடுப்பது கட்சிக்காரர் என்றாலும், நிபுணர் உதவ வேண்டியது நீதிமன்றத்துக்கு. கேஸ் ஜெயித்தால் இவ்வளவு கொடுங்கள் என்று பேசுபவர் வேண்டவே வேண்டாம். பில்டருக்கு உறவென்றாலும், தொழில் கூட்டாளி என்றாலும் அப்படித்தான்.

வசதி இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 26-ஆம் கட்டளை, 9-ஆம் விதிப்படி இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் நியமிக்கும் வக்கீலான அட்வகேட் கமிஷனரைக் கேட்டு மனுப் போடலாம். கூடவே ஒரு இன்ஜினியரை அழைத்துப்போக அனுமதியும் கேளுங்கள். கமிஷனர் வந்து பார்க்கும்வரை விரிசலைப் பூசி மூடிவிடாதீர்கள், தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.